தட்டிப் பார்த்து ஒரு படகு

எழிலன் ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு விரலால் பிடித்து, படகின் பக்கவாட்டில் சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போகிறான். டங், டங், டங். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு வரிசை, திரும்பி வரும்போது அதற்குக் கீழே இன்னொரு வரிசை. ஃபைபருக்குள் தண்ணீர் ஊறியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் பொத்தென்று அமுங்கும். மேலே எத்தனை பூச்சு பெயிண்ட் அடித்தாலும் அதை மறைக்க முடியாது.

கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் அவன் பார்க்கும் ஏழாவது படகு இது. வயது முப்பத்தெட்டு. பதினெட்டு வருடமாக அடுத்தவர் படகில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவன். போன ஐப்பசியில் அவன் அப்படி ஏறிப் போன படகு ஒன்று, புதுப் பெயிண்டுக்கு அடியில் பிளந்து மூழ்கியது. அவனோடு சேர்த்து நான்கு பேர் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க மிதந்தார்கள். இனி ஏறினால் சொந்தப் படகுதான் என்று அன்று முடிவு செய்தான். அதிலிருந்து வீட்டில் வாளி, கதவு, தர்பூசணி எதையும் தட்டாமல் விடுவதில்லை.

தட்டும்போது அவன் படகைப் பார்ப்பதில்லை. பத்தடி தள்ளி, மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் மனைவி சந்திரலேகாவைப் பார்க்கிறான்.

காரணம் எனக்குத் தெரியும். இன்ஜின் சத்தத்தில் அவன் காது கெட்டுவிட்டது. எதிரே நின்று பேசினால் கேட்கும். மெல்லிய வித்தியாசங்கள் கேட்காது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்று, பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் வந்தான். காதருகே என் கைக்கடிகாரத்தை வைத்தேன். "ஓடுதாங்கம்மா இது?" என்று கேட்டான்.

டாக்டரிடம் போகச் சொன்னேன். "மொதல்ல படகு வாங்கிட்டு அப்பறம் போறேங்கம்மா. இப்ப வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் எங்கூட ஏற மாட்டான்" என்றான். அது உண்மைதான். முன்னால் நிற்பவன் கொடுக்கும் குரலை வைத்துத்தான் பின்னால் இருப்பவன் படகைத் திருப்ப வேண்டும்.

ஆகவே அவனும் சந்திரலேகாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சத்தம் அமுங்கினால் அவள் கூடையை மறு இடுப்புக்கு மாற்றுவாள். ஆறு படகுகள் அப்படித்தான் கழிந்தன.

"என்ன எழிலா, படகு வாங்க வந்தியா, தர்பூசணி வாங்க வந்தியா?" என்றான் ஜெயபிரகாஷ். எழிலன் படகு வாங்கினால் அவனோடு ஏறுவதாகச் சொல்லியிருப்பவன்.

படகுக்காரர் முகைதீன் பிச்சைக்கு அவசரம். "சட்டுனு சொல்லுங்க தம்பி. பூவத்துலேருந்து ஆள் வந்துகிட்டு இருக்காங்க. இத விட்டா இந்த வருசம் ஒங்களுக்குப் படகு அமையாது."

எழிலன் தட்டிக்கொண்டே இன்ஜின் உட்காரும் இடத்துக்கு வந்துவிட்டான். தட்டினான். சந்திரலேகா கூடையை மாற்றினாள். ஒரு சாண் தள்ளித் தட்டினான். கூடை பழைய இடுப்புக்கே வந்தது. மறுபடி முதல் இடம். மறுபடி கூடை மாறியது.

"இங்க கொஞ்சம் பாக்கணும் பாய்."

"அங்க என்ன? சத்தம் கணீர்னு இருக்கு. ஒங்க காதாலதானே கேட்டீங்க?" முகைதீன் பிச்சை ஜெயபிரகாஷ் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி, என்ன குறை?"

"எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றான் ஜெயபிரகாஷ். "ஒனக்கு என்னடா கேட்டுச்சு?"

 கேட்டது என்று பொய் சொல்லலாம். குறை இல்லை என்று படகை எடுத்தும் விடலாம். எழிலன் நாணயத்தை வேட்டியில் துடைத்தான், அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலடா. ரெண்டு வருசமாவே கேக்கறதில்ல. அவளுக்குத்தான் கேட்டுச்சு."

மணலில் நடந்து போய் நாணயத்தை மனைவியிடம் நீட்டினான். "நீயே வந்து தட்டு."

சந்திரலேகா கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.