பொட்டுக்குக் கீழே பொத்தான்

இந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைத் தெருவில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜெர்மனிக்கு வந்து முதியோர் இல்லமொன்றில் நர்ஸ் வேலை பார்க்கத் தொடங்கியதிலிருந்து நாற்காலி, சைக்கிள், குளிர்கோட்டு எல்லாம் நடைபாதையில் கிடந்து பார்த்திருக்கிறேன். "ட்சூ ஃபெர்ஷென்கன்" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். இனாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இப்போது லேப்டாப்புகளும் அந்த வரிசைக்கு வந்துவிட்டன. புதிய சிஸ்டம் இந்த மெஷினில் ஏறாது, பழையதற்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று திரையில் அறிவிப்பு வருமாம். உடனே தூக்கி வெளியே வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்த ஒன்றை நான் எடுத்து வந்தேன். வெட்கமெல்லாம் படவில்லை. அதில் லினக்ஸ் போட்டேன். காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் சிஸ்டம் அது.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஊசி போடத் தெரியும், ரத்தக்கொதிப்பு பார்க்கத் தெரியும். லினக்ஸ் எனக்குப் பழக்கமானது இங்கே அல்ல, ஏற்காட்டுக்குப் பக்கம் நாகலூரில், என் அக்கா ருக்குமணிக்காக வீம்புக்குச் செய்த காரியத்தால்.

அக்காவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், மிளகுக் கொடி. மாமா போனபிறகு தனியாகத்தான் இருக்கிறாள். போன் திரை அவள் கண்ணுக்குப் போதாது என்பதால் ஒரு லீவில் என் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆயுதபூஜைக்கு மண்வெட்டி, கவாத்துக் கத்தி, ஸ்கூட்டி வரிசையில் அதையும் வைத்து, திரைக் கண்ணாடியின் மேல்பக்கம் நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டாள். துடைக்க மனசு வரவில்லை. அந்தக் குங்குமத்துக்கு நேர் கீழேதான் என்னைக் கூப்பிடும் பொத்தான் இருந்தது. குங்குமம் உதிர்ந்ததும் அதே இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். பிறகு காப்பி விலை பார்க்கும் பொத்தானுக்குப் பச்சை, மழை பார்ப்பதற்கு நீலம்.

ஒருநாள் சிஸ்டம் தானாகவே என்னவோ அப்டேட் செய்துகொண்டது. பொத்தான்கள் இடம் மாறிவிட்டன. சிவப்புக்குக் கீழே அமுக்கினால் ஏதோ விளம்பரம். பூஜையில் குறை வந்துவிட்டது என்று நினைத்து அக்கா லேப்டாப்புக்கு மறுபடி சூடம் காட்டியிருக்கிறாள். அதற்கும் மசியாததால், தன் போனில் வெளிநாட்டுக்குப் பேச வழியில்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டாள். அவர் பக்கத்திலேயே நின்றார். "நல்லாத்தான் இருக்கறன் கண்ணு" என்பதற்கு மேல் அவளால் ஒன்றும் பேச முடியவில்லை. அடுத்தவர் காது படாமல் எங்கள் இருவருக்கும் அழவும் சிரிக்கவும் இருந்த ஒரே இடம் அந்தத் திரை. யாரைக் கேட்டு அதை மாற்றினார்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த லீவில் இருவரும் பஸ் பிடித்து ஏற்காடு டவுனுக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடைக்காரர் புதுசு வாங்கச் சொன்னார். கூட வேலை பார்க்கும் ஒருத்தி சொல்லிக் கேள்விப்பட்டிருந்ததால், லினக்ஸ் போடலாமா என்று கேட்டேன். சிரித்தார்.

"ஏனுங்க, அதெல்லாம் இன்ஜினியருங்க வெச்சுக்கறதுங்க. அம்மணிங்களுக்கு நொம்பக் கஷ்டமுங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நா என்னுங்க பொட்டியப் பிரிச்சா பாக்கப் போறன்? அமுக்குனா என்ற தங்கச்சி மொகம் வரோணும். வருமா, வராதா, அதச் சொல்லுங்க."

"வருமுங்க. ஆனா..."

"அப்பறம் என்னுங்க ஆனா?"

அவரிடமே பென்டிரைவில் ஏற்றி வாங்கி, வீட்டில் நானே போட்டேன். சிரமமே இல்லை என்று புளுகமாட்டேன். தமிழ் எழுத்து வரவைக்க ஒரு சாயங்காலம் போனது. பிரிண்டர் இன்றைக்கும் முரண்டு பிடிக்கிறது. ஆனால் சாமானியர்களுக்குக் கஷ்டம் என்கிறார்களே, மற்ற சிஸ்டத்தை மட்டும் எந்தச் சாமானியர் தன் கையால் போட்டார்? கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருந்தது, அவ்வளவுதான். நான் பொட்டுகளைத் தொடவில்லை. பொத்தான்களை அவற்றுக்குக் கீழே இழுத்து வைத்தேன். அப்டேட் இப்போதும் வருகிறது, கேட்டுவிட்டு வருகிறது. பொத்தான் அசையவில்லை.

"இது நம்மூடு மாதர கண்ணு, வெச்சது வெச்ச எடத்துல கெடக்குது" என்றாள் அக்கா.

தெருவில் எடுத்த லேப்டாப்பிலும் அதே இடங்களில் அதே நிறப் பொட்டுகளை ஒட்டியிருக்கிறேன். அவள் ஏதாவது கேட்டால் இங்கிருந்தே வழி சொல்லலாம். அதோடு கிடைத்த சார்ஜர் பழுதாகி, புதுசு வாங்கப் போன கடையில் விற்பனையாளர் திரையைப் பார்த்துவிட்டு, "லினக்ஸா? தஸ் இஸ்ட் நிஷ்ட்ஸ் ஃப்யூர் ஸீ" என்றார். இது உங்களுக்கானதல்ல. ஏற்காட்டில் கேட்ட அதே பேச்சு, அதே சிரிப்பு. பேசிக்கொண்டே, விலைச்சீட்டின் மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ, சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டப் போனார்.

"நைன்!" என்று கத்திவிட்டேன், கூடாது என்று. கடையே திரும்பிப் பார்த்தது. அது என்ன என்று கேட்டார். "என் அக்கா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்கும் விருப்பமில்லை. சார்ஜரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவே கூப்பிடுகிறாள். நடுவில் யாரும் இல்லை. ஊர்ப்பட்டதைப் பேசுகிறோம், சில நாள் இரண்டு பேரும் அழுகிறோம். ரத்தமா, அடிபட்டதா என்று முதியோர் இல்லத்தில் தினமும் கேட்டது அலுத்துப்போய், நெற்றியில் பொட்டு வைப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். பேசி முடித்துத் திரை அணைந்ததும் கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிகிறது. கொஞ்சம் குனிந்தால் அந்தச் சிவப்புப் பொட்டு சரியாக என் நெற்றியில் வந்து உட்காருகிறது. நிமிர்ந்தால் அது அங்கேயே நின்றுவிடுகிறது, நான் இங்கே.