எண்பதில் நிறுத்துவது

எங்கள் மின்சாரக் காரின் பேட்டரியை அன்றாடம் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. முழுசாக ஏற்றி வெயிலில் நிறுத்தினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். இதைப் படூரில், எங்கள் வீட்டில், என் மனைவிக்குக்கூடப் புரிய வைத்துவிட்டேன். புதுப்பட்டினத்தில் இருக்கும் அவள் அண்ணனிடம்தான் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனதும் காரை சார்ஜில் போடுவேன். எண்பது வந்ததும் வயரைப் பிடுங்குவேன். நான் உள்ளே போன பிறகு அவர் திரும்பச் சொருகிவிடுவார்.

"வூட்டுக்கு வந்த வண்டிய அர வயித்தோட அனுப்புனா ஊரு இன்னா பேசும் மாப்ள?"

எண்பது என்பது அரை வயிறு இல்லை என்றேன். அவர் கேட்கவில்லை. அன்றும் கார் நூறில், வாசல் வெயிலில், மத்தியானம் முழுக்க நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூக்கு முட்டத் தின்னுட்டு வெயில்ல படுத்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதுக்கும் அப்படித்தான்" என்று கத்தினேன்.

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

அடுத்த ஞாயிறு, எண்பது வந்ததும் அவரே போய் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார். காரை நிழலுக்கு நகர்த்தவும் சொன்னார். நான் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை சோறு வந்தபோது, தட்டுக்கு மேல் கையை வைத்து, போதும் என்றேன்.

அவர் என் கையை நகர்த்திவிட்டு வஞ்சிரக் குழம்பை ஊற்றினார்.

"எண்பதுல நிறுத்துறதுக்கு நீ இன்னா காரா? துன்னு மாப்ள."