தவக்காலத்தில் ரொக் அன் ரோல்

இத்தாலியில், பலேர்மோவில் நான் பராமரித்த வீட்டுக்கார அம்மாவுக்கு, சிஞ்ஞோராவுக்கு, எண்பது தாண்டியிருந்தது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சையும் முடிந்த பிறகு அவரை நடக்க வைத்தவை பழைய ரொக் அன் ரோல் ரெக்கோர்டுகள். குமரியாக இருந்த காலத்தில், துறைமுகத்துக்கு வந்த அமெரிக்க மாலுமிகளிடம் வாங்கியவையாம். பாட்டுத் தொடங்கியதும் ஊன்றுதடியோடு எழும்பிக் கதவு வரை போய்விடுவார்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கியது. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்க ஆட்கள். தவக்காலத்தில் வீட்டில் ஆட்டப் பாட்டுப் போடமாட்டோம். வேலை செய்யும் வீட்டுக்கும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவர எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. இருந்தும் ரெக்கோர்ட் பிளேயரைத் துணியால் மூடிவிட்டு, ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி அழும் வியாகுலப் பாட்டுப் பாடினேன். சிஞ்ஞோரா இரண்டு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆர் செத்தது?"

"ஆண்டவர்," என்றேன்.

"அவர் உயிர்த்தும் விட்டார். நீ பாட்டைப் போடு."

நான் போடவில்லை. பிடிவாதத்தில் என்னை வெல்ல ஆளில்லை. ஆனால் அவருடைய கால்கள் மெல்ல மெல்ல விறைத்தன. பக்கத்து ஊரான பகேரியாவில் இருந்து அவருடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். குருத்தோலை ஞாயிறு வருவாராம். தாய் தானாக நடக்காவிட்டால் முதியோர் இல்லம்தான். சிஞ்ஞோரா அன்று சாப்பிடவில்லை. எனக்கும் பயம் பிடித்துவிட்டது.

"இந்தப் பாட்டு எங்கையிருந்து வந்ததெண்டு தெரியுமோ?" என்று மூடிக் கிடந்த ரெக்கோர்ட் பிளேயரைக் காட்டிச் சிஞ்ஞோரா கேட்டார். "அமெரிக்காவிலை கறுப்பு ஆக்களின்ரை தேவாலயத்திலையிருந்து. அங்கை கைதட்டிப் பாடின பிள்ளையள்தான் வெளியிலை வந்து அந்தத் தாளத்தைக் கிட்டாரிலை அடிச்சவை. பேரும் புகழும் கனக்க வெள்ளைக்காரருக்குத்தான் போச்சு."

தன் பாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் துணியை எடுத்து ஒன்றைப் போட்டுக் கேட்டேன். ஒருவன் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். எங்கள் கோயிலிலும் மன்றாட்டுமாலை அப்படித்தான். அதற்குப் பிறகு நான் அதை நிறுத்தவில்லை. தவக்காலம் தன் பாட்டில் போனது.

குருத்தோலை ஞாயிறு மகள் வந்து கதவடியில் நின்றார். நான் பாட்டைப் போட்டேன். சிஞ்ஞோரா எழும்பினார். தள்ளாடினார். நான் பிடிக்கப் போக, கையைத் தட்டிவிட்டார். ஒவ்வொரு அடியாக வைத்து மகளுக்கு முன்னால் போய் நின்றார்.

"என்னைக் கொண்டுபோக வந்தனியோ, ஆட வந்தனியோ?"

மகள் அழுதுகொண்டே குனிந்து, தன் உயர்ந்த குதிச் சப்பாத்துகளைக் கழற்றினார்.