கூரைக்குக் கை நீட்டின சிறுபோகம்

கை நீட்டுறதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் இல்லை, ஏச்சு மட்டும் தாராளமாக் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ ஒருக்காவெண்டாலும் நன்கொடை கேட்டு வீட்டுப் படலை படலையாத் திரிஞ்ச ஆக்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உள்ள நாய் குலைக்கேக்குள்ளயே எங்கட முகம் இளிக்கத் தொடங்கியிடும்.

நான் யாழ்ப்பாணத்தாள். இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்த ஒரு விவசாய டிப்ளோமாக் கல்லூரியில கந்தோர் வேலை. வகுப்பெல்லாம் மரத்துக்குக் கீழதான். ஒருநாள் வவுனியாவில இருந்து வந்த மேலதிகாரி சுத்திப் பாத்துப்போட்டு, "மாரிக்கு முதல் ஒரு மண்டபமெண்டாலும் கூரையோட நிக்கவேணும். இல்லாட்டி வகுப்பை வவுனியாவுக்கு மாத்திப்போடுவம்" எண்டார். சண்டைக் காலம், வவுனியாவுக்குப் போறதெண்டா பாஸ் எண்ட அனுமதிச் சீட்டு வேணும். எங்கட பிள்ளையளுக்கு ஆர் பாஸ் குடுக்கப்போகினம்? படிப்பு அதோட சரி. தடி காட்டில வெட்டலாம், கூரையில போடப் பின்னின தென்னோலைக் கிடுகுக்கு எங்க போறது? அந்தப் பாரம் என்ர தலையிலயும் கணிதம் படிப்பிக்கிற நாயகம் சேரின்ர தலையிலயும் விழுந்துது.

களத்தில வாய் திறந்தது

மாரிக்கு முந்தின சிறுபோக நெல்லு வெட்டுற நேரம். சனத்தின்ர கையில காசில்லை, நெல்லுத்தான் கேட்கலாமெண்டு அக்கராயன் பக்கம் சூடடிக்கிற களத்துக்குச் சைக்கிளில போனம். மாடுகள் சுத்துது, "பொலி, பொலி" எண்டு கூப்பிட்டுக்கொண்டு ஆக்கள் அதுகளைச் சாய்க்கினம். கந்தையாண்ணை எண்ட கமக்காரர் வைக்கோலைக் கிளறிக்கொண்டு நிண்டார். மரியாதையாக் கதையைத் தொடங்குவமெண்டு நான், "என்னண்ணை, எல்லாம் முடிஞ்சுதோ? நெல்லுக் காணுமோ?" எண்டு கேட்டுப்போட்டன்.

அவ்வளவுதான். மாடு சாய்ச்சவர் அப்பிடியே நிண்டிட்டார். கந்தையாண்ணையின்ர முகம் கறுத்துப்போச்சு. நெல்லுக் குவியிற களத்தில 'முடிஞ்சுது', 'காணும், போதும்' எண்ட சொல்லே எடுக்கக் கூடாதாம், எடுத்தா விளைச்சல் அழிஞ்சுபோகுமாம். பெருகிச்சுதோ எண்ட கருத்தில "எல்லாம் பொலிஞ்சுதோ" எண்டுதான் கேட்கோணுமாம். எனக்கு எங்கயாவது ஓடி ஒளிச்சாக் காணுமெண்டு இருந்துது.

நாயகம் சேர்தான் கைகூப்பிக் கூரைக் கதையைச் சொன்னார். நெல்லை அள்ளின பிறகு வீட்டை வரச்சொன்னார் கந்தையாண்ணை. பயந்து பயந்துதான் போனம். ரெண்டு மூட்டை நெல்லைச் சைக்கிளில ஏத்திக் கயிறும் கட்டிவிட்டுப்போட்டு, அதுக்குப் பிறகுதான் கேட்டார்: "விவசாயம் படிப்பிக்கிற இடத்தில இருந்தே பிள்ளை வாறியள்?"

கனடாவுக்கு ஒரு படம்

கனடாவில இருக்கிற பழைய மாணவர் ஒருத்தருக்குப் போன வருசமே உதவி கேட்டு எழுதினனாங்கள். இப்பதான் ஆரோ ஒரு ஆளின்ர கையில மறுமொழி வந்து சேந்துது. தாராளமாச் செய்வாராம். முதல்ல கட்டடத்தின்ர படத்தை அனுப்பட்டாம். வாசலில தேப்பனாரின்ர பேரைக் கல்லில பொறிச்சுச் சீமெந்து பூசிப் பதிக்கவும் வேணுமாம். சீமெந்தோ! பவுணைக் கண்டாலும் காணலாம், தடையால சீமெந்தைக் காணேலாத காலம். கட்டடம் இல்லாதபடியாத்தானே ஐயா கேட்கிறம் எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. நாயகம் சேர் கோவிக்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுச் சொன்னார்: "படம்தானே பிள்ளை, நான் பென்சிலால கீறித் தாறன். அதிலயாவது கூரையைப் போட்டுவிடுவம்."

முத்தம்மாக்காவின்ர பேர்

நெல்லைக் குடுத்துத் தென்னோலை வாங்கினம். பின்னுறதுக்குக் கூலி குடுக்க ஒண்டும் மிஞ்சேல்லை. இதைக் கேள்விப்பட்டு நாலைஞ்சு பெண்டுகளோட முத்தம்மாக்கா வந்து நிண்டா. மலையகத்தில இருந்து வந்து குடியேறின குடும்பம், நாட்கூலி வேலை. மகள் செல்வி எங்கட ரெண்டாம் வருச மாணவி. ஓலையைக் குளத்தில ஊறப்போட்டு எடுத்து, மர நிழலில இருந்து அவையள் பின்னத் தொடங்கிட்டினம். அவாவின்ர கையெல்லாம் கீறல். எனக்கு அழுகை வந்திட்டுது. "அக்கா, மண்டபம் திறக்கேக்குள்ள உங்கட பேரையும் வாசிக்கிறம்" எண்டன். அவா தலையை நிமிர்த்தவே இல்லை: "எம் பேரு எதுக்குங்கம்மா? மழை வந்தாலும் எம் மவ பேரு வகுப்பு இடாப்புல இருக்கணும், அவ்வளவுதான்."

கூரையில கந்தையாண்ணை

அதிகாரி திரும்ப வந்த நாள் வானம் கறுத்துக்கொண்டு நிக்குது. எங்கட மண்டபத்துக்கு முகடு மட்டும் இன்னும் திறந்துதான் கிடந்துது. மேல, உதவிக்கெண்டு வந்த கந்தையாண்ணை ரெண்டு பேரோட கிடுகு கட்டிக்கொண்டிருக்கிறார். உள்ள செல்வியாக்கள் வாங்குப் பலகையில இருந்து, கொப்பியை மடியில வைச்சுக்கொண்டு அண்ணாந்து பாக்கினம். அதிகாரி கதிரையில இருந்து பேனையை மூடினார். "முழுசாப் போட்டாத்தான் வகுப்பு இஞ்சையே நடக்கலாமெண்டு நான் எழுதலாம்" எண்டார். முத்தம்மாக்கா கூரையைத் தாங்கிற கப்பைப் பிடிச்சபடி நிண்டா.

முதல் தூறல் விழுந்துது. கேட்காமலும் இருக்கேலாது, கேட்கவும் பயம். கடைசியில மேல பாத்துக் கத்தினன்: "அண்ணை, எல்லாம் பொலிஞ்சுதோ?"

கூரையில நிண்டவை விழுந்து விழுந்து சிரிச்சினம். கந்தையாண்ணை கடைசிக் கட்டை இறுக்கிப்போட்டுக் குனிஞ்சு பாத்தார்: "இது களமில்லைப் பிள்ளை, கூரை! முடிஞ்சுது எண்டு வாய் நிறையச் சொல்லுங்கோ, அந்த ஐயாவுக்கும் கேட்கட்டும்!"

"முடிஞ்சுது" எண்டு நான் போட்ட கத்தலில அதிகாரியின்ர பேனை திறந்துது, செல்வியின்ர பேர் இடாப்பில நிண்டுது. சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தில எனக்குக் கிடைச்ச ஒரே சம்பளம், அந்த ஒரு சொல்லை ஆரிட்டையும் ஏச்சு வாங்காமல் சொன்னதுதான்.