ஆலோசகர் அனுப்பிவைத்த மதியச் சாப்பாடு

சேர்ந்து போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரும்படி எங்களை அனுப்பிவைத்தவர் குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர். காலை முழுக்க எங்கள் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தார். அடிக்கிறாரா, குடிக்கிறாரா, மாமியார் தொல்லையா, வேறு யாரோடாவது பழக்கமா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் நான் சொன்னேன். என் கணவரும் என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லையாம். சண்டையே இல்லாமல் பிரிய வந்திருக்கிற இரண்டு பேரை என்ன செய்வதென்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேரும் எங்கயாவது போயி ஒண்ணா சாப்பிட்டுட்டு வாங்கம்மா. கேஸ் பத்திப் பேச வேணாம். மத்தியானம் வந்து சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள மெஸ்களில் வக்கீல்களும் எங்கள் ஊர்க்காரர்களும்தான் சாப்பிடுவார்கள். என் கணவரின் சொந்த ஊர் தாமல். ஒரு தாலுகா வேலை, ஒரு பத்திர வேலை என்று அங்கிருந்து யாராவது தினமும் காஞ்சிபுரத்துக்கு வந்தபடி இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கண்ணில் பட்டாலும் சாயங்காலத்துக்குள் ஊர் ஏரிக்கரை வரை செய்தி போய்விடும்.

"பட்டுக்கடைக்கு மேல புதுசா ஒண்ணு தொறந்துக்கிறாங்க. பீட்சா, பாஸ்தா எல்லாம். நம்ம ஆளுங்க யாரும் அங்க ஏற மாட்டாங்க," என்றார்.

சரி என்றேன். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். திருமணமான புதிதில் இப்படி அவர் முன்னால் போனால், "இன்னா, என்னை வுட்டுட்டு ஓடறீங்க?" என்று கேட்பேன். அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிழல் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கதை பெரிய கதை இல்லை. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. நிறைமாதம், எல்லா ஸ்கேனும் சரியாகவே இருந்தது. யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள், எனக்கும் அது புரிந்தது. குழந்தையைக் கையில் வாங்கியவர் அவர்தான். நான் மயக்கத்தில் இருந்தேன். அதன் பிறகு ஓய்வுக்காகச் செவிலிமேட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறார், ஷிப்டை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார். இந்த மாதம் போகலாம், அடுத்த மாதம் அழைத்துப் போகிறேன் என்று நாங்கள் இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தோம். யாரும் முடிவெடுக்காமலே அது முடிந்துபோயிருந்தது.

மாடியில் குளிரூட்டி போட்டிருந்தார்கள். சுவரில் சாய்ந்த கோபுரத்தின் படம், கூரையிலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் திராட்சைக் கொடி, மேசைகளில் சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பு. 'சுத்த சைவம்' என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை. பக்கத்து மேசையில் வங்கியில் வேலை செய்கிறவர்கள் போலிருக்கிறது, அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். பரிமாறும் பெண் வந்து, மதியத்துக்குத் தனி காம்போ இருக்கிறது, பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்றாள்.

"சோறு ஏதாவது இருக்குதாமா?" என்று கேட்டார் என் கணவர்.

"ரைஸ் இல்ல சார். பாஸ்தாதான். ஒயிட் சாஸா, ரெட் சாஸா?"

அவர் என்னைப் பார்த்தார். "ரெண்டுலயும் ஒவ்வொண்ணு," என்றேன்.

மேசையில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார். "இது இன்னா, ஓமமா?"

"ஓரிகானோ. பீட்சா மேல போட்டுக்கறது."

"வயித்து வலிக்குக் குடுக்கற வாசனையா இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். எவ்வளவு காலமாயிற்று நாங்கள் சேர்ந்து சிரித்து. அப்புறம் அவருடைய அறையில் இருக்கும் பீகார் ஆள் கடுகெண்ணெயில் சமைப்பதைப் பற்றிச் சொன்னார். எங்கள் பரிசோதனை நிலையத்தில் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் போலீஸ்காரரைப் பற்றி நான் சொன்னேன். பாஸ்தா வந்தது. வெள்ளை சாஸ் எனக்கு, சிவப்பு அவருக்கு. முள்கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நல்லாத்தானே பேசிக்கினு இருக்கிறோம்," என்றார் திடீரென்று.

"ஆமா."

"அப்புறம் இன்னா நமக்கு?"

அவரே சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டு. "உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு அது மூஞ்சிதான் தெரியுது. உன் மூக்கு அதுக்கு. நீ பார்க்கல. நான் பார்த்தேன்."

இதை அவர் அதற்கு முன்பு என்னிடம் சொன்னதே இல்லை. குழந்தைக்கு யார் மூக்கு என்று நான் கேட்கவும் இல்லை, கேட்கப் பயந்திருந்தேன்.

"நீங்க வீட்டுக்குள்ள வந்தா, கைய வெறுமனே வீசிக்கினு வர மாதிரியே இருக்குது எனக்கு," என்றேன். "ஆஸ்பத்திரியிலேருந்து கெளம்பறப்ப வாசல்ல நின்னீங்களே, அது மாதிரி."

அவர் தலையை ஆட்டினார். இவ்வளவுதான் எங்கள் வழக்கு. காலை முழுக்க அந்த ஆலோசகர் கேட்டும் எங்களால் சொல்ல முடியாதது இதுதான். சொல்லியிருந்தாலும் அவர் அதற்கு என்ன செய்திருக்க முடியும்? சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்கிறார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. இனி சொல்வதற்கும் ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் படியேறி அவருடைய சித்தி வந்தார்.

என் மாமியாரின் தங்கை. தாமலிலேயே இருப்பவர், கணவரை இழந்தவர், ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்திருந்தார். அன்றைக்குக் கீழே கடையில் முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள். புடவை எடுத்த களைப்பில் மகள் பீட்சா வேண்டும் என்று அம்மாவை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சித்தியின் கையில் துணிப்பை, முகமெல்லாம் வியர்வை. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, கண்ணு!" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டுக்கினு இருக்கீங்களா? என் கண்ணே பட்டுடும் போல இருக்குதே!"

நாங்கள் எழுந்து நின்றோம். சித்தி என் கன்னத்தைத் தடவி விரல்களை நெற்றியில் மடக்கி நெட்டி முறித்தார். பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மகள் எதிரில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் வழக்குப் போட்டிருப்பது இவர்களுக்குத் தெரியாது. அம்மா வீட்டில் இருக்கிறாள், ஏதோ மனஸ்தாபம் என்ற அளவில்தான் என் மாமியார் சொல்லிவைத்திருந்தார்.

"உங்க அம்மாகிட்ட சொல்லிக்கினே இருந்தேன்பா. அதுங்களா சேர்ந்துடும், நீ நடுவுல போவாதேன்னு. இப்பவே அக்காவுக்கு ஒரு போன் போடறேன்."

"வேணா சித்தி," என்றார் என் கணவர் அவசரமாக. "நானே சொல்லிக்கிறேன்."

"சரி, நீயே சொல்லு. புள்ள வாயால கேட்டாத்தான் அவளுக்கும் சந்தோசம்." சித்தி குரலைத் தாழ்த்தினார். "கண்ணு, நான் கேக்கவே கூசிக்கினு இருந்தேன். இன்னிக்கு நீங்களே எதிர்ல நிக்கிறீங்க. இவளுக்கு அப்பா இல்ல. தாரை வார்த்துக் குடுக்க நான் மணையில உக்கார முடியாது. அண்ணனும் அண்ணியும் ஜோடியா உக்காந்து செஞ்சு குடுங்கப்பா. வேற யாரையும் கூப்பிட எனக்கு மனசு வரல."

மணப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ப்ளீஸ் அண்ணி. தூரத்துப் பெரியப்பா முறைக்காரங்க யாராவது செஞ்சா எனக்கு அழுகையா வரும். நீங்கதான் பண்ணணும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல இருவரில் யாருக்கும் வாய் வரவில்லை. எப்படி வரும்? புடவைப் பை மடியில் இருக்கிறது, அந்த அம்மாள் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார்.

"சரி சித்தி," என்றார் அவர்.

சித்தி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "காமாட்சி தாயே! அடுத்த வருசம் கையில ஒண்ணு இருக்கும் பாரு. போனத நெனச்சிக்கினே இருக்கக் கூடாதுமா."

நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன். மகள் கைபேசியை உயர்த்தி, "எல்லாரும் இங்க பாருங்க," என்றாள். பார்த்தோம். சிரிக்கவும் செய்தோம். என் தட்டில் வெள்ளை சாஸ் ஆறிப் பாலாடை போலப் படிந்திருந்தது. மத்தியான வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தோம். "பொறுமையாப் போங்க, ஒண்ணாப் போங்க," என்று சித்தி படி வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

தெருவில் கொஞ்ச தூரம் நடந்தோம். இந்த முறை அவர் முன்னால் போகவில்லை.

"சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டார்.

"எப்படிச் சொல்றது?"

"ஒருவேளை..." என்று தொடங்கினார். நான் காத்திருந்தேன். அந்தச் சில அடி தூரம் உண்மையாகவே காத்திருந்தேன். ஒரு மினி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

நீதிமன்றத்தின் வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் இருவருடைய கைபேசிகளும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. மணப்பெண் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். 'அண்ணா அண்ணியுடன் பீட்சா' என்று எழுதி, பக்கத்தில் இதயங்கள். வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. மாமா, அத்தை, பெங்களூரில் இருக்கும் ஓரகத்தி, எல்லோரும். கடைசியில் என் மாமியாரின் குரல் பதிவு. என் கணவர் அதைக் காதருகே வைத்துக் கேட்டார். அழுகை மட்டும்தான் எனக்குக் கேட்டது. அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

"சாப்டீங்களா? பேசினீங்களா?" என்று ஆலோசகர் ஆவலாகக் கேட்டார்.

"சாப்பிட்டோம் மேடம்," என்றேன்.

"பேசினோம்," என்றார் அவர்.

"ரொம்ப நல்லது. இப்ப இன்னா சொல்றீங்க?"

"அதேதான் மேடம்," என்றார் என் கணவர். ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். சமரச முயற்சி பலிக்கவில்லை என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சில நாள் கழித்துச் சித்தியிடம் விஷயத்தைச் சொன்னது என் மாமியார். வழக்கு நடப்பது குடும்பத்துக்குத் தெரிந்த பிறகு, பிரியப்போகிறவர்கள் தாரை வார்த்தால் பெண்ணுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒருநாள் காலை மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகத் தயாராகத்தான் இருந்தேன். என் கணவரும் அப்படியே சொன்னாராம். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐயம்பேட்டையிலிருந்து தூரத்து உறவில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து மணையில் உட்கார்ந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கல்யாணத்துக்கு முன் சித்தி ஒருமுறை எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நான் பைத்தியக்காரி மாதிரி சாமியெல்லாம் கும்பிட்டேனே."

"உங்க முகத்தப் பார்த்துச் சொல்ல முடியல சித்தி."

"அவன் கெட்டவனா?"

"இல்ல சித்தி."

"நீ கெட்டவளா?"

மறுமுனையில் மாடு கத்துவதும் யாரோ பந்தல்காரரோடு பேசுவதும் கேட்டது. "அப்புறம் ஏன்மா?" என்றார் சித்தி. பிறகு அவரே, "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்கோ," என்று வைத்துவிட்டார்.

முகூர்த்த நாளன்று எனக்குக் காலை ஷிப்ட். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கையை நீட்டச் சொல்லி, பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடினேன். பிறகு அந்த மழைக்காலத்தில் எங்களுக்குத் தீர்ப்பு வந்தது. அன்றைக்கு அவர் லீவு கிடைக்காமல் தாமதமாக வந்தார். நீதிபதி எங்கள் பெயர்களைச் சொல்லிக் கேட்டார், நாங்கள் சம்மதம் என்றோம், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். வெளியே மழை பிடித்திருந்தது. அவருக்கு ஒரகடம் பஸ், எனக்குச் செவிலிமேடு பஸ். முதலில் வந்தது அவருடையது.