மெம்பிஸ் நகரத்தை நான் மொழிபெயர்த்த விதம்

தொண்ணூறுகளின் நடுவில் வளைகுடாவில், முசஃபாவில் ஓர் இரும்பு வேலை யார்டில் டைம்கீப்பராக இருந்தேன். வெல்டர்களும் ஹெல்பர்களுமாக ஆட்கள் நிறைய, பாதிக்கு மேல் தமிழர்கள். வருகை குறிப்பதோடு, மேலே இருப்பவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. அந்த இங்கிலீஷுக்காகவே எனக்கு ஏசி கேபின் கிடைத்திருந்தது.

கேபின் வாசலில் ஒரு வாட்டர் கூலர் இருந்தது. ஆட்களுக்கு யார்டின் ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி. ஜூலையில் அந்தக் குழாயைத் திறந்தால் கை சுடும். அதனால் அவர்கள் கூலருக்கு வரத் தொடங்கினார்கள். கிரீஸ் கையோடு பிடித்துப் பிடித்துக் குழாய் கறுத்துப்போனது. ஒருநாள் "ஆபீஸ் ஸ்டாஃப் மட்டும்" என்று தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். மற்றவர்களுக்கு இந்தியில் வாயால் சொன்னேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. மேனேஜருக்கு அப்படியொரு தாள் இருப்பதே தெரியாது.

அந்தக் கோடையில் வெல்டிங்கின் தரம் பார்க்க ஓர் அமெரிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். கறுப்பினத்தவர், நாற்பது வயதிருக்கும். வந்த இரண்டாம் நாளே தாளைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது, சார்."

"நல்ல விஷயம்" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கேபினுக்குள் வரமாட்டார். ஆட்கள் உட்காரும் நிழலில் போய் உட்கார்ந்து தன் ரொட்டியைத் தின்பார். ஒருநாள் யாரோ அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டார்கள். மெம்பிஸ் என்றார். வெல்டர்கள் அளவு குறிக்கும் சாக்பீஸை வாங்கி, பக்கத்தில் கிடந்த இரும்புத் தகட்டில் மிசிசிப்பி ஆற்றை வளைத்து வரைந்தார். வெள்ளத்துக்கு எட்டாத மேட்டில் கட்டிய ஊர், பஞ்சுப் பொதிகள் படகேறிய துறை என்று சொல்லிக்கொண்டே போனார். அதுவரை நான் ஒழுங்காகத்தான் தமிழில் சொன்னேன்.

பிறகு, பஞ்சு விற்ற அதே ஊரில் மனிதர்களையும் விற்றார்கள் என்றார். தான் சிறுவனாக இருந்தபோது கடைகளில் வெள்ளையருக்கு ஒரு குழாய், தங்களுக்கு ஒரு குழாய் இருந்ததையும், வெளியே கிளம்பும்முன் அம்மா வீட்டிலேயே வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்ததையும் சொன்னார். அப்பா நகரத்தின் குப்பை அள்ளுபவர். அவரோடு வேலை பார்த்த இருவர் மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கி, இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். அதன் பிறகு எல்லோரும் வேலையை நிறுத்தி, 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளோடு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்காக வந்த தலைவரை அந்த ஊரிலேயே சுட்டுக் கொன்றார்கள். இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"என்ன சார் சொல்றாரு?" என்று ஆட்கள் கேட்டார்கள்.

"அவங்கப்பா முனிசிபாலிட்டில வேல பாத்தாராம். நம்ம காவேரிய விட பெரிய ஆறாம்."

"அப்புடியா!" என்று சிரித்தார்கள்.

தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்.

மற்றவர்கள் கலைந்த பிறகு ஒரு வெல்டர் மட்டும் நின்றார். என்னைப் போலவே புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"சார், நான் சலாலாவுல நாலு வருசம் வெள்ளக்காரன்கிட்ட வேல பாத்தவன். பேச வராது. கேட்டா வெளங்கும்."

"அதுக்கு?"

"ரெண்டு கொழாய்னு சொன்னாரு. நீங்க அத சொல்லலியே சார்." கூலர் பக்கம் ஒரு முறை பார்த்தார். "நம்ம ஊரு டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாசு. ஒங்களுக்குத் தெரியாததா? கடல் தாண்டி வந்ததோட அது போச்சுன்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட கடைகளின் உள் பெஞ்சில் அப்பாவோடு உட்கார்ந்து டீ குடித்து வளர்ந்தவன் நான். வெளியே நின்று குடித்தவர்களில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில்லை.

"பிரேக் முடிஞ்சிருச்சு. டூட்டிக்குப் போ" என்றேன்.

அன்று மாலையே தாளைக் கிழித்தேன். வெட்கப்பட்டு அல்ல. அந்த வெல்டர் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில். கிழித்த பிறகும் ஒருவரும் கூலருக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் லிவா பக்கத்துப் பாலைவன சைட்டுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். முதல் பெயராக அந்த வெல்டருடையதை எழுதினேன். யார்டிலேயே நல்ல வெல்டர் அவர்தான்.

அவர் கிளம்பிய காலையில் பெட்டியைப் பிக்கப்பில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா சார்?"

"நான் இல்லப்பா. மேனேஜர் முடிவு."

"சரி சார். வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

சில நாள் கழித்து இன்ஸ்பெக்டர் அந்த வெல்டர் எங்கே என்று கேட்டார். அவரே விரும்பிக் கேட்டுப் போனார் என்றேன். இன்ஸ்பெக்டர் வேலை முடிந்து ஊருக்குப் புறப்பட்டபோது, என்னால்தான் ஆட்களோடு பேச முடிந்தது என்று மேனேஜர் முன்னால் நன்றி சொல்லிக் கையை நீட்டினார். நானும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தேன்.