பண்டத்தரிப்பும் மூன்று கம்பைலர்களும்

யாழ்ப்பாண நகரத்தில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்தில் எனக்கு வேலை. சி என்ற கணினி மொழியில் எழுதிய ஒரே நிரலை, அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மூன்று கம்பைலர்களில் ஓட்டி, மூன்றும் ஒரே விடை சொல்கின்றனவா என்று பார்ப்பேன். அந்த மொழியோடு ஆயத்தமாக வரும் செயல்கள், அதாவது ஃபங்ஷன்கள், எங்கேயும் ஒன்றுபோல நடக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நம்பாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இது நடந்தபோது நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன்.

அன்று காலை கணினியிலிருந்து அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, விசைப்பலகையைத் தமிழிலேயே விட்டுவிட்டேன். சோதனைக்குச் சொல் கொடுக்கும் இடத்தில் தமிழ் எழுத்து விழுந்தது. அழிக்கப் போனவள், விளையாட்டாக என் ஊர்ப் பெயரை முழுதாக அடித்து ஓட்டினேன். பண்டத்தரிப்பு. இரண்டு கம்பைலர்களில் நிரல் ஓடியது. மூன்றாவதில் குப்புற விழுந்தது. அந்தப் பெயரைச் சோதனைகளில் ஒன்றாகச் சேர்த்து, குழுத் தலைவரிடம் காட்டினேன்.

அவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் நிரலை ஒப்படைக்க வேண்டும் என்ற பதற்றம் அவருக்கு.

"உந்தச் சோதனையை எடுத்துவிடும், பிள்ளை. இங்கிலீசிலை ஓடினால் காணும்."

"ஏலாது அண்ணை. பிழை எங்கடை நிரலிலை."

"வேலை நிரந்தரமாக வேணுமெண்டால் சொல்லுறதைக் கேளும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒற்றைக் காலில் நின்றேன். மொழியோடு வரும் செயல்களில், எழுத்தா, இலக்கமா என்று பார்க்கும் செயலுக்குக் கழித்தல் எண் கொடுக்கக் கூடாது. எங்கள் நிரலோ தமிழ் எழுத்துகளைக் கழித்தல் எண்களாக்கிக் கொடுத்திருந்தது. இரண்டு கம்பைலர்கள் பொறுத்துக்கொண்டன, மூன்றாவது பொறுக்கவில்லை. ஒரு வரியைத் திருத்தியதும் மூன்றிலும் ஓடியது. சோதனையை நான் எடுக்கவில்லை. அண்ணை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதை அப்படியே அனுப்பினார்.

அடுத்த காணொளிக் கூட்டத்தில் வாடிக்கையாளரின் பொறியியலாளர் அந்தச் சோதனையைத்தான் முதலில் பிடித்தார். இந்த எழுத்தில் யார் எழுதப்போகிறார்கள், இது தேவையில்லை, நீக்கிவிடுங்கள் என்றார். வேலை போனாலும் பரவாயில்லை என்று நான் வாயைத் திறந்தேன். அண்ணை முந்திக்கொண்டார்.

"நாங்கள் எழுதுவோம்," என்றார் ஆங்கிலத்தில். "இந்தச் சோதனையைத் தாண்டாத நிரலை என் குழு ஒப்படைக்காது."

மறுமுனையில் பொறியியலாளர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு சரி, இருக்கட்டும், இனி எங்கள் எல்லாப் பதிப்புகளுக்கும் அதை ஓட்டுகிறோம் என்றார் அவர். பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி இண்டைக்கே எழுதுறன்." கொஞ்சம் தயங்கினார். "பிள்ளை, நான் அளவெட்டி. எங்கடை ஊரையும் அதிலை ஒருக்கால் போட்டுவிடும்."